இளைஞரை நடத்துபவரை யார் பயிற்றுவிப்பது?

இடுக்கி மலையில் சாயங்காலம் வாலிபால் வலை கட்டாத தேவாலய மைதானம் குறைவு. கம்பம்மெட்டு, தூக்குபாலம், நெடுங்கண்டம் என்று எல்லையோர ஊர் எதற்குப் போனாலும், ஞாயிறு வழிபாடு முடிந்த கையோடு பையன்கள் பந்தை எடுத்துவிடுவார்கள். அந்த விளையாட்டு கிறிஸ்தவ இளைஞர் பணியிலிருந்து பிறந்தது என்பது ஆடுகிறவர்களில் பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஹோலியோக் நகரில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சி இயக்குநராக இருந்த வில்லியம் மார்கன் 1895-இல் அதை உருவாக்கினார். அவர் படித்தது பக்கத்து ஊரான ஸ்பிரிங்ஃபீல்டில், கிறிஸ்தவப் பணியாளர்களுக்காக 1885-இல் தொடங்கிய பயிற்சிப் பள்ளியில்.

கூடைப்பந்து பிறந்ததும் அதே பள்ளியில்தான். 1891 குளிர்காலத்தில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற இளம் ஆசிரியரிடம் ஒரு முரட்டு வகுப்பு ஒப்படைக்கப்பட்டது. வகுப்பில் 18 பேர். ஒய்.எம்.சி.ஏ. செயலாளர்களாகப் பயிற்சி பெற வந்தவர்கள். அறைக்குள் செய்யும் உடற்பயிற்சி அலுத்துப்போய், அதற்குமுன் வந்த ஆசிரியர்களைத் திணறடித்தவர்கள். அவர்களுக்கு ஏற்ற புதிய விளையாட்டு ஒன்றை இரண்டு வாரத்துக்குள் கண்டுபிடிக்க வேண்டும் என்று துறைத்தலைவர் லூதர் குலிக் சொல்லிவிட்டார். நெய்ஸ்மித் பையன்களைக் கவனித்தார், எது சலிப்பூட்டுகிறது என்று யோசித்தார், சில முயற்சிகளில் தோற்றார், கடைசியில் மேல்மாடத்தின் விளிம்பில் இரண்டு பழக்கூடைகளை மாட்டினார்.

இளைஞர் பணி கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு வேலை, அதில் தேர்ச்சி உண்டு, அந்தத் தேர்ச்சியை இன்னொருவர் பார்த்துச் சொல்ல முடியும் என்று நம்பிய ஒரு பள்ளியின் விளைச்சல் இது. அதன் பந்து கம்பம்மெட்டு வரை வந்திருக்கிறது. அந்த நம்பிக்கை இன்னும் மலையேறவில்லை.

கம்பம்மெட்டு கேரளத்தின் கருணாபுரம் ஊராட்சியில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி நிற்கும் சிற்றூர். கீழே கம்பம் பள்ளத்தாக்கு: நெல், திராட்சை, தென்னை. மேலே ஏலமலை. இரண்டையும் இணைக்கும் வளைவுச் சாலையில் விடியுமுன்பே ஜீப்புகள் ஏறத் தொடங்கும். கம்பம், உத்தமபாளையம் பக்கத்து ஊர்களிலிருந்து பெண்கள் ஏலக்காட்டு வேலைக்குப் போகிறார்கள். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து மாசி வரை காய் எடுப்பு. ஏறக்குறைய 40 நாளுக்கு ஒரு சுற்று. அம்மா ஐந்து மணிக்கு ஜீப்பில் ஏறி, இருட்டும் நேரத்தில் இறங்குகிறாள். இடைப்பட்ட நேரத்தில் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? பள்ளிக்கூடம் நாலு மணியோடு முடிந்துவிடுகிறது. அதன்பிறகு இருப்பது நண்பர்கள், கைபேசி, தேவாலயம்.

மேலே இருக்கும் பிள்ளைகளின் நிலை வேறு. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள், மத்திய திருவிதாங்கூரிலிருந்து குடியேறிய விவசாயிகளின் பேரப்பிள்ளைகள் என இரு கூட்டமும் ஒரே பேருந்து நிறுத்தத்தில் நிற்கின்றன. ஒருவருக்கு நர்சிங் படித்து வெளிநாடு போக வேண்டும். இன்னொருவருக்கு திருப்பூரா, கோயம்புத்தூரா என்ற கேள்வி. எல்லைச் சாவடியில் கலால் துறையும் காவல் துறையும் கஞ்சா சோதனை நடத்துவது இங்கே அன்றாடக் காட்சி. அந்தப் பொட்டலத்தைச் சுமக்க எளிதில் கிடைப்பவர்கள் கைச்செலவுக்குக் காசில்லாத இளைஞர்கள் என்பதும் ஊர் அறிந்ததுதான்.

2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு அணைத் தகராறு முற்றியபோது இந்த எல்லை எப்படி இருந்தது என்பதைக் கம்பத்தில் முப்பது வயது தாண்டிய யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மலையில் தமிழ்த் தொழிலாளர்கள் தாக்கப்பட்டார்கள், வேலையை விட்டுக் கீழே ஓடி வந்தார்கள். கீழே மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. குமுளிக்கும் கம்பம்மெட்டுக்கும் ஆயிரக்கணக்கானோர் திரண்டு போனார்கள். வழியடைப்பும் கல்வீச்சும் இரண்டு பக்கமும் பெரும்பாலும் இளைஞர்கள் கையில்தான் நடந்தன. அந்த வாரங்களில் ஒரு பங்கின் இளைஞர் குழுவில் தமிழ்ப் பையனும் மலையாளிப் பையனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், குழுவை நடத்தியவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? ஜெபம் சொல்லத் தெரிந்தால் போதுமா? கோபத்தோடு வந்தவனைப் பேசவிட்டு, அந்தப் பேச்சு அடிதடியாகாமல் பார்த்துக்கொள்ள ஒரு திறமை வேண்டும். அது பிறவியிலேயே சிலருக்கு வாய்த்திருக்கலாம். மற்றவர்களுக்குக் கற்றுத்தான் வர வேண்டும்.

திருச்சபை அமைப்பே இங்கே சிக்கலானது. மலையின் சீரோ மலபார் பங்குகளைப் பார்த்துக்கொள்ளும் இடுக்கி மறைமாவட்டம், கோதமங்கலத்திலிருந்து பிரிந்து 2003-இல் செயல்படத் தொடங்கியது. இலத்தீன் வழிபாட்டுக் கத்தோலிக்கர்களுக்கு 1930-இல் உருவான விஜயபுரம் மறைமாவட்டம். சி.எஸ்.ஐ. சபைகளுக்கு 1983-இல் பிறந்த கிழக்குக் கேரள திருமண்டிலம். எல்லை தாண்டிக் கீழே இறங்கினால் கத்தோலிக்கர்கள் மதுரை உயர்மறைமாவட்டம், சி.எஸ்.ஐ.யினர் மதுரை-ராமநாதபுரம் திருமண்டிலம். ராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி போன்ற பழைய கத்தோலிக்க ஊர்கள் பள்ளத்தாக்கில் உண்டு. பெந்தெகொஸ்தே சபைகள் இரு பக்கமும் இருக்கின்றன. இத்தனை அமைப்புகளிலும் இளைஞர் குழு உண்டு: கே.சி.ஒய்.எம்., எஸ்.எம்.ஒய்.எம்., ஜீசஸ் யூத், இளையோர் பணிக்குழு, வாலிபர் சங்கம். பெயர்கள் பல. ஆனால் குழுவை நடத்துபவர் தேர்ந்தெடுக்கப்படும் விதம் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்று.

நன்றாகப் பாடுகிறவர், கிட்டார் வாசிக்கிறவர், சாமியாரோ ஐயரோ கூப்பிட்டால் உடனே வருகிறவர், பைக் வைத்திருக்கிறவர். இவர்களில் ஒருவர்தான் அனிமேட்டர். ஒரு நாள் கருத்தரங்கு, ஒரு சான்றிதழ், அவ்வளவே. சீரோ மலபார் பிள்ளை ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஞாயிறுதோறும் வேதபாடம் படித்து ஆண்டுத் தேர்வும் எழுதுகிறது. அந்தப் பிள்ளையைப் பன்னிரண்டுக்குப் பிறகு நடத்தப்போகும் மனிதருக்கு ஒரு தேர்வும் இல்லை. அவர் வேலையை யாரும் ஒருமுறைகூட உட்கார்ந்து கவனிப்பதில்லை. அவர் பக்தியுள்ளவர் என்பதில் சந்தேகம் வேண்டாம். கையில் கருவி எதுவும் கொடுக்காமல் அவரை அனுப்பியிருக்கிறோம் என்பதுதான் இங்கே குறை.

தமிழ் மண்ணுக்கு இது புதுக் கேள்வி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நூறாண்டுக்கு முன்பு இதைத் தீவிரமாக எடுத்துக்கொண்டவர்கள் இங்கே இருந்தார்கள். சேலத்தில் 1876-இல் பிறந்த கே.டி. பால் 1916-இல் இந்திய ஒய்.எம்.சி.ஏ.யின் தேசியப் பொதுச் செயலாளரானார். அந்தப் பொறுப்பில் அமர்ந்த முதல் இந்தியர் அவர்தான். நகரத்துப் படித்த வாலிபர்களுக்கான கிளப் என்று இருந்த அமைப்பைக் கிராமத்துக்குத் திருப்பினார். கூட்டுறவுக் கடன், விவசாயம், சுகாதாரம் எல்லாம் இளைஞர் பணியின் பாடங்களாயின. கிராமத்துக்குப் போகும் செயலாளர் பைபிளோடு கணக்கு நோட்டையும் படிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்ற எண்ணம் அவர் காலத்தில் வேரூன்றியது.

ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் சென்னைக்கு வந்து 1920-இல் தொடங்கியதுதான் இன்று நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. ஆசியாவிலேயே இத்தகைய முதல் கல்லூரி என்று அது போற்றப்படுகிறது. 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்கிற்குப் போன இந்திய அணிக்குப் பக்தான் மேலாளர். தென்னிந்தியப் பள்ளிகளில் டிரில் மாஸ்டர் என்ற பழைய பட்டாளத்து முறை ஓய்ந்து, உடற்கல்வி ஆசிரியர் என்ற பயிற்சி பெற்ற மனிதர் வந்ததில் இந்தக் கல்லூரிக்குப் பெரிய பங்கு உண்டு. ஆர்வத்தால் மட்டும் நடந்த ஒரு வேலைக்குப் பாடத்திட்டம், செய்முறை வகுப்பு, தேர்வு, சான்று என்று ஓர் ஒழுங்கு கிடைத்தது. இளைஞரின் உடலைப் பயிற்றுவிப்பவருக்குக் கிடைத்த இந்த ஒழுங்கு, இளைஞரின் மனத்தோடும் வாழ்க்கையோடும் பழகுபவருக்குக் கிடைக்காமல் போனது தமிழ்த் திருச்சபைகளின் இழப்பு.

மூன்றாவது உதாரணம் எல்லைப்புற வாசகருக்கு இன்னும் நெருக்கமானது. டி. ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.யின் கிராமப் புனரமைப்பு மையத்தை நடத்தினார். அன்று மார்த்தாண்டம் திருவிதாங்கூர் அரசில் இருந்தது. உடும்பன்சோலை மலையும் அதே அரசில்தான். 1956 நவம்பர் 1-இல் மார்த்தாண்டம் சென்னை மாநிலத்துக்கு வந்தது, மலை கேரளத்தில் தங்கிவிட்டது. ஹாட்ச் செய்தது என்ன? லெக்ஹார்ன் கோழி, தேனீப் பெட்டி, முட்டையைத் தரம் பிரித்துக் கூட்டுறவாக விற்பது, நல்ல விதை, வாசிப்பு, விளையாட்டு, நாடகம். ஆன்மா, அறிவு, உடல், பொருளாதாரம், சமூக வாழ்வு ஆகிய ஐந்தும் ஒன்றாக வளர வேண்டும் என்றார். மையத்திற்குள் தான் உட்கார்ந்து எல்லாவற்றையும் செய்யவில்லை. சுற்றுக் கிராமங்களில் தானாக முன்வந்து வேலை செய்பவர்களைப் பயிற்றுவித்தார். வெளியூர்ப் பணியாளர்களுக்கும் செய்முறைப் பயிற்சிப் பள்ளி நடத்தினார். மார்த்தாண்டம் தேனுக்கு இன்றும் இருக்கும் பெயர் அந்தப் பயிற்சியிலிருந்து வந்தது.

ஹாட்சிடம் கற்க வேண்டிய முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. அங்கே பயிற்சி பெற்றவர் தேறினாரா என்பதற்குச் சான்று அவருடைய கிராமத்தில் கிடைத்தது. கூட்டில் தேன் வந்ததா, பக்கத்து வீட்டுக்காரருக்கு அவர் கற்றுக்கொடுத்தாரா என்று பார்த்தால் தெரிந்துவிடும். இன்றைய இளைஞர் முகாம்களின் அறிக்கைகளைப் படித்தால் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் கை உயர்த்தினார்கள் என்ற எண்ணிக்கை இருக்கும். மூன்று மாதம் கழித்து யாருடைய வாழ்க்கையில் என்ன மாறியது என்ற ஒரு வரி இருக்காது.

ஐரோப்பாவில் இதே காலத்தில் இன்னொருவர் வேறு வழியில் இதே இடத்துக்கு வந்துகொண்டிருந்தார். பெல்ஜியத்தின் ஜோசப் கார்டின், தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த குரு. 1925-இல் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தை நிறுவினார். பார், ஆராய், செயல்படு என்ற மூன்று படி அவர் தந்தது. ஆலையில் வேலை செய்யும் பதினேழு வயதுப் பெண் தன் வேலையிடத்தைத் தானே உற்றுப் பார்க்க வேண்டும். கூலி எவ்வளவு, எத்தனை மணி நேரம், மேஸ்திரி எப்படி நடத்துகிறார் என்று விவரம் சேகரிக்க வேண்டும். நற்செய்தியின் வெளிச்சத்தில் அதை நண்பர்களோடு சேர்ந்து எடைபோட வேண்டும். பிறகு சின்னதாகவேனும் ஒன்றைச் செய்ய வேண்டும். திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவான் 1961-இல் வெளியிட்ட சமூகச் சுற்றுமடலில் இந்த முறையைத் திருச்சபை முழுமைக்கும் பரிந்துரைத்தார். தமிழ்நாட்டில் மாணவர் இயக்கங்கள் வழியாக இந்த மூன்று சொற்களைக் கேட்டு வளர்ந்த தலைமுறையே உண்டு.

கார்டினின் முறையில் குழுவை வழிநடத்துபவர் குறைவாகப் பேச வேண்டும். இதுதான் மிகக் கடினமான திறன். மேடையில் அரை மணி நேரம் பேசுவது எளிது. ஐந்து பேர் வட்டமாக உட்கார்ந்திருக்கும்போது வாயை மூடிக்கொண்டு, சரியான ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருப்பது பழகினால்தான் வரும். பிரான்ஸிலிருந்து 1937-இல் இந்தியா வந்து, தமிழ் கற்று, 2012-இல் சென்னையில் மறைந்த இயேசு சபைக் குரு பியேர் செராக்கிடம் அந்தப் பழக்கம் இருந்ததாக அவரோடு பழகியவர்கள் சொல்வார்கள். அகில இந்தியக் கத்தோலிக்கப் பல்கலைக்கழக மாணவர் கூட்டமைப்பின் தேசிய வழிகாட்டியாக அவர் இருந்த ஆண்டுகளில் உருவான மாணவர்கள் பிற்பாடு ஆசிரியர்களாக, அதிகாரிகளாக, களப்பணியாளர்களாகப் பரவினார்கள்.

சரி, இன்றைக்கு இந்த வேலைக்கு என்னென்ன திறன் வேண்டும்? இதற்கான பதிலை இளைஞர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். 2018 மார்ச்சில், ஆயர் மாமன்றத்துக்கு முன்பாக, உலகின் பல நாடுகளிலிருந்து ரோமில் கூடிய இளைஞர்கள் தங்களுக்கு எப்படிப்பட்ட வழிகாட்டி வேண்டும் என்று விவரித்தார்கள். திருத்தந்தை பிரான்சிஸ் 2019 மார்ச் 25-இல் கையெழுத்திட்ட ‘கிறிஸ்து வாழ்கிறார்’ என்ற திருத்தூது ஊக்கவுரையின் 246-ஆம் பத்தியில் அதைச் சேர்த்துக்கொண்டார். தீர்ப்பிடாமல் நம்பிக்கைக்குரியவராக இருப்பவர், அக்கறையோடு செவிகொடுப்பவர், தன் எல்லை எது என்று தெரிந்தவர், தானும் தவறக்கூடிய மனிதர்தான் என்று ஒப்புக்கொள்பவர். இளைஞர்களைத் தன் பின்னால் வரும் கூட்டமாக்காமல் அவர்களோடு நடப்பவர். துறவிகளும் குருக்களும் மட்டுமே இதைச் செய்ய வேண்டியதில்லை, பொதுநிலையினருக்கும் இதற்குரிய பயிற்சி கிடைக்க வேண்டும் என்றும் அங்கே சொல்லப்பட்டிருக்கிறது.

இதில் ஒவ்வொன்றையும் பார்த்து மதிப்பிட முடியும். செவிகொடுக்கிறாரா என்பது ஒரு மணி நேரக் கூட்டத்தில் பின்வரிசையில் அமர்ந்தாலே தெரிந்துவிடும். அவர் எத்தனை நிமிடம் பேசினார், பிள்ளைகள் எத்தனை நிமிடம் பேசினார்கள்? கடைசியில் சுவரோரமாக உட்கார்ந்திருந்த பெண் ஒரு வார்த்தையாவது பேசினாளா? மலையாளம் சரளமாக வராத லயத்துப் பையனை மற்றவர்கள் கேலி செய்தபோது என்ன செய்தார்? யாருடைய அப்பா குடிக்கிறார், யார் விடுமுறையில் காய் எடுக்கப் போகிறார் என்று அவருக்குத் தெரியுமா? சுற்றுலா போனபோது ஜீப்பில் எத்தனை பேரை ஏற்றினார்? வசூலித்த பணத்துக்குக் கணக்கு எழுதினாரா? இவையெல்லாம் பக்தியை அளக்கும் கேள்விகள் ஆகா. பக்தியை அளப்பது கடவுளின் வேலை. வேலைத்திறனை அளப்பது கூடப் பணிசெய்பவர்களின் கடமை.

தன் எல்லையைத் தெரிந்துகொள்வது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு நிலைமையை எடுத்துக்கொள்வோம். பிளஸ் ஒன் படிக்கும் பெண் ஒருத்தி ஜெபக்கூட்டம் முடிந்ததும் தயங்கித் தயங்கி நின்று, தனக்கு நெருங்கிய உறவினரால் நேரும் கொடுமையைச் சொல்லிவிடுகிறாள். பயிற்சியில்லாத நல்லவர் என்ன செய்வார்? அவளோடு சேர்ந்து அழுவார், ஜெபிப்பார், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுப்பார். அந்த வாக்கு சட்டப்படி தவறு. 2012 நவம்பர் 14 முதல் அமலில் இருக்கும் போக்சோ சட்டம், 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு நேர்ந்த பாலியல் குற்றம் பற்றித் தெரிந்த எவரும் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவிக்காவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. தனக்குக் கீழே பணிசெய்பவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை. மத நிறுவனத்தின் பணியாளரே குற்றம் செய்தால் கடுமையான பிரிவில் சேரும். பிள்ளை கம்பத்துக்காரி, குற்றம் நடந்தது மலையில், இவர் மேட்டில் இருக்கும் பங்கின் அனிமேட்டர் என்றால் எந்தக் காவல் நிலையம் என்று திகைத்து நிற்கவும் தேவையில்லை. எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இரு மாநிலத்திலும் ஒன்றுதான்.

அனிமேட்டராகப் பொறுப்பேற்கும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளிலேயே இது தெரிந்திருக்க வேண்டும். பூட்டிய அறையில் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது, இரவு நேரத்தில் தனிப்பட்ட வாட்ஸ்அப் உரையாடல் வேண்டாம், வெளியூர் முகாமுக்குப் பெண் பொறுப்பாளர் இல்லாமல் போகக் கூடாது என்ற விதிகளும் அப்படியே. இதைச் சொன்னால் தங்கள்மேல் சந்தேகப்படுவதாகச் சிலர் வருந்துவார்கள். பிள்ளையையும் காக்கும், நேர்மையான அனிமேட்டரையும் வீண்பழியிலிருந்து காக்கும் விதிகள் இவை என்று பொறுமையாக விளக்கிச் சொல்ல வேண்டும்.

மனநலம் இன்னொரு இடம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்கில், ஒரு லட்சம் பேருக்குத் தற்கொலை விகிதம் நாட்டுச் சராசரி 12.4. கேரளத்தில் 28.5, தமிழ்நாட்டில் 25.9. இந்த எல்லையின் இரண்டு பக்கமும் சராசரியைப்போல் இரு மடங்குக்கு மேல். ‘எனக்கு வாழவே பிடிக்கல’ என்று ஒரு பையன் சிரித்துக்கொண்டே சொல்லும்போது அதை விளையாட்டாக விடாமல் நேரடியாகக் கேட்கத் தெரிய வேண்டும். அவனைத் தனியே விடாமல், வீட்டாரையும் மருத்துவரையும் சேர்க்கத் தெரிய வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவையின் எண் 14416. அங்கே தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். அதைக் குழுவில் எல்லோருடைய கைபேசியிலும் பதியவைப்பது ஒரு அனிமேட்டரால் பத்து நிமிடத்தில் முடியக்கூடிய காரியம். ஜெபித்தால் சரியாகிவிடும் என்று மட்டும் சொல்லி அனுப்புவது, ஜெபத்தின்மேல் அக்கறை உள்ளவர் செய்யும் காரியம் ஆகாது.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதைத் தள்ளிவிட முடியாது. இது ஊழியம், அழைப்பு, சம்பள வேலையாக்கினால் ஆவி அணைந்துவிடும் என்பதே அது. பிரிட்டனின் அனுபவம் இங்கே இரண்டு பக்கமும் பேசுகிறது. 1960-இல் வந்த ஆல்பமார்ல் அறிக்கைக்குப் பிறகு அங்கே இளைஞர் பணி அரசு ஏற்ற தொழிலானது. 1961-இல் லெஸ்டரில் தேசியப் பயிற்சிக் கல்லூரி திறந்தார்கள். 2010-இல் பட்டம் இருந்தால்தான் தொழில்முறைத் தகுதி என்றானது. அதனால் தரம் உயர்ந்தது. ஆனால் அரசு நிதியை வெட்டியபோது மையங்கள் மூடப்பட்டன, படித்தவர்கள் வேறு வேலைக்குப் போனார்கள். சம்பளத்தையும் பட்டத்தையும் மட்டும் நம்பிக் கட்டினால் பணம் வற்றும்போது பணியும் வற்றும் என்ற பயம் நியாயமானதே.

ஆனால் பயிற்சியும் சம்பளமும் ஒன்றல்ல. தன்னார்வலருக்கும் பயிற்சி கொடுக்கலாம், அவர் வேலையை அன்போடு மதிப்பிடலாம். கேரளத்தில் பிறந்து 2016-இல் வத்திக்கானின் அங்கீகாரம் பெற்ற ஜீசஸ் யூத், ஓராண்டை முழுநேரப் பணிக்கு ஒதுக்கும் இளைஞர்களை முதலில் பயிற்சி கொடுத்துத்தான் அனுப்புகிறது. மதுரை அரசரடியில் 1969-இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி, தன் மாணவர்களை வளாகத்துக்கு வெளியே ஏழை மக்களின் குடியிருப்புகளில் தங்கிப் படிக்க வைத்த மரபுக்குப் பெயர்பெற்றது. போதகராகப் போகிறவருக்குக் களப்பயிற்சி அவசியம் என்று ஏற்றுக்கொண்ட திருச்சபைகள், வாலிபர் சங்கச் செயலாளருக்கு அதில் பத்தில் ஒரு பங்காவது கொடுக்கத் தயங்க வேண்டியதில்லை.

அரசுத் தரப்பிலும் வாசல் அடைபட்டிருக்கவில்லை. இந்தியாவில் இளைஞர் பணியாளர் என்ற தொழிலை ஒழுங்குபடுத்தும் தனிச் சட்டம் கிடையாது. ஆனாலும் காமன்வெல்த் இளைஞர் திட்டம் 1973-இல் தொடங்கி, ஆசிய மையத்தைச் சண்டிகரில் வைத்து, இளைஞர் மேம்பாட்டுப் பணிக்கென்றே பட்டயப் படிப்பு நடத்தியது. ஸ்ரீபெரும்புதூரில் 1993-இல் அமைந்த ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம், 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது. கம்பத்திலிருந்து இரவு பஸ் ஏறினால் காலையில் எட்டிவிடும் தூரம். மறைமாவட்டங்கள் தங்கள் இளையோர் பணிக்குழுவிலிருந்து ஆண்டுக்கு இருவரையாவது அங்கே படிக்க அனுப்பலாம். திரும்பி வரும் அந்த இருவர் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்க முடியும்.

எல்லையில் இது எப்படி நடக்கலாம்? பெரிய கட்டடம் வேண்டாம். மேட்டில் ஒரு பங்கும் பள்ளத்தாக்கில் ஒரு பங்கும், ஒரு சி.எஸ்.ஐ. சேகரமும் சேர்ந்தால் போதும். புதிதாகப் பொறுப்பேற்பவரைக் காய் எடுப்பு தொடங்குமுன், வைகாசி விடுமுறையில் தேர்ந்தெடுக்கலாம். மூன்று வார இறுதிகள்: ஒன்றில் செவிகொடுத்தலும் குழு நடத்துதலும், ஒன்றில் சட்டமும் பாதுகாப்பும், ஒன்றில் எல்லையின் வாழ்க்கை. அந்த மூன்றாவதில் ஏலக்காட்டுக்குப் போகும் பெண் ஒருவரும், கலால் அதிகாரி ஒருவரும், பள்ளி ஆசிரியர் ஒருவரும் வந்து பேச வேண்டும். ஏனென்றால் தன் ஊர்ப் பிள்ளை எந்த நேரத்துக்கு எழுகிறது, யாரோடு சுற்றுகிறது என்று தெரியாமல் அந்தப் பிள்ளைக்கு வழிகாட்ட முடியாது. தமிழும் மலையாளமும் பேசும் இருவர் ஒவ்வொரு அணியிலும் இருக்க வேண்டும்.

பிறகு ஓராண்டு வேலை. அந்த ஆண்டில் மூன்று முறை அனுபவமுள்ள ஒருவர் வந்து பின்னால் உட்கார்ந்து பார்ப்பார். அவர் பங்குத்தந்தையாக இருக்கக் கூடாது. மேலதிகாரி பார்க்கும்போது யாரும் இயல்பாக இருப்பதில்லை. கூட்டம் முடிந்ததும் இருவரும் ஒரு டீ குடித்துக்கொண்டு, எது நன்றாக இருந்தது, எங்கே தடுமாறியது என்று பேச வேண்டும். அனிமேட்டர் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு, வாரம் ஒரு பக்கம் எழுத வேண்டும். ஆண்டு முடிவில் இளைஞர்களையும் கேட்க வேண்டும், அவர் இல்லாத இடத்தில்: உன் பேச்சை இவர் கேட்டாரா? கஷ்டம் வந்தால் இவரிடம் போவாயா? இவர் வந்தபிறகு நீ செய்யத் துணிந்த ஒரு காரியம் என்ன? மூன்றாவது கேள்விக்குப் பல பேர் பதில் சொன்னால் அந்த அனிமேட்டர் தேறிவிட்டார். யாரும் சொல்லவில்லை என்றால் அவரை நீக்க வேண்டியதில்லை. இன்னும் ஓராண்டு, தேர்ந்த ஒருவரோடு இணைத்து வேலை செய்யவிடலாம்.

செலவு? மூன்று வார இறுதிக்குச் சாப்பாடு, பயணப்படி, வெளியிலிருந்து வருபவருக்குச் சிறு மதிப்பூதியம். ஒரு பங்குத் திருவிழாவின் வாணவேடிக்கைக்கும் மைக் செட்டுக்கும் ஆகும் தொகைக்குள் அடங்கிவிடும். அடுத்த ஆண்டுக்கான பங்குப் பேரவைக் கூட்டத்திலோ சேகரக் கமிட்டியிலோ வரவு செலவுத் திட்டம் வாசிக்கப்படும்போது, ‘இளைஞர் வழிகாட்டிகள் பயிற்சி’ என்று ஒரு தனித் தலைப்பு சேர்க்கச் சொல்லி யாராவது ஒருவர் எழுந்து கேட்டால் வேலை தொடங்கிவிடும்.